கோடு வராத கோளாறு

இசக்கிபாண்டியின் வண்டிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். வேகத்தடை ஏறி இறங்கினால் உயிரை விட்டுவிடும். மற்றபடி தங்கமான வண்டி. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், ஏசி ஜில்லென்று வரும், பெயர்கூட 'சாரல்'. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடத்தில் உள்ள கம்பெனி கேட் வரைக்கும் ஒன்பது வேகத்தடைகள். ஒவ்வொன்றின் குணமும் இசக்கிபாண்டிக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்து எதிரே இருப்பது சாது. பத்துக்கு இரண்டு தடவைதான் வண்டியை நிறுத்தும். லாரி ஸ்டாண்டு பக்கம் இருப்பது ராட்சசன். அதனிடம் தப்பித்ததே கிடையாது. வண்டி நின்றதும் இசக்கிபாண்டி இறங்கிப் போவான். பானெட்டைத் திறந்து, ஓங்கி ஒரு சாத்து சாத்துவான். வந்து சாவியைத் திருப்புவான். சில நாள் ஒரு சாத்திலேயே கிளம்பிவிடும். சில நாள் ஏழெட்டு சாத்து வாங்கிக்கொண்டுதான் நகரும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருஷம் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு, சொந்தமாக இந்த வண்டியை எடுத்து, ஏ ஷிப்ட் பெண்கள் ஏழு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் திரும்பக் கூட்டிவரும் ஒப்பந்தத்தைப் பிடித்திருந்தான். ஆறு மணிக்கு அவர்கள் கேட்டில் கார்டைத் தேய்த்தாக வேண்டும். ஆறு ஒன்று என்றால் லேட்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி வேல்விழி. விளாத்திகுளத்துப் பெண். கார்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்க் கற்றைகளைச் செய்யும் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி. வயரின் முனையில் மாட்டிய கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு இழுப்பு. தொண்ணூறு நாள் இழுத்து முடித்தால் வேலை நிரந்தரம். ஆனால் அதற்குள் மூன்று லேட் விழுந்தால் எல்லாம் அழிந்து மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். அது அந்தக் கம்பெனியின் சட்டம்.

அவளுக்கு ஐம்பத்தெட்டாவது நாள் இரண்டாவது லேட் விழுந்தது. இரண்டுமே ராட்சசன் போட்ட லேட்.

"அண்ணாச்சி, இன்னொண்ணு விழுந்துச்சுன்னா நான் திரும்ப ஒண்ணாம் நாளு. இம்புட்டு நாளு இழுத்த வயரெல்லாம் இழுக்காத கணக்காப் போயிரும்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நிதானமாகச் சொன்னதுதான் இசக்கிபாண்டிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"விழாது தாயி. இன்னைக்கே சர்வீஸுல காட்டிருதேன்."

அன்று அவர்களை இறக்கிவிட்ட கையோடு ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி இருந்த பிரபஞ்சா மோட்டார்ஸுக்குப் போனான். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கட்டடம். தரை எப்படிப் பளபளக்கும் என்றால், உள்ளே போகிறவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே மிதித்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு இளைஞன் எழுந்து வந்து வணக்கம் சொன்னான். பெயர் இளம்பரிதி. சர்வீஸ் அட்வைசர்.

"வெல்கம் டு பிரபஞ்சா சார். சொல்லுங்க, வண்டியில என்ன கன்சர்ன்?"

"வேகத்தடையில ஏறி எறங்குனா நின்னுருது சார்."

"ஓகே சார். என்ன கோடு காட்டுது?"

இசக்கிபாண்டி யோசித்தான். "ரோட்டுல கோடெல்லாம் ஒழுங்காத்தான் சார் போட்டிருக்கான்."

இளம்பரிதி சிரிக்கவில்லை. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அவனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வண்டிக்குள் ஒரு மூளை இருக்கிறது, ஏதாவது கோளாறு என்றால் அது ஒரு ஆங்கில எழுத்தையும் நாலு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளும், அதற்குப் பெயர்தான் கோடு, அதைப் படிக்க எங்களிடம் மெஷின் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினான். மூவாயிரத்துச் சொச்சம் கோளாறுகளுக்குக் கோடு உண்டாம். வேகத்தடை அந்தப் பட்டியலில் இல்லையாம்.

தாவீது என்ற மெக்கானிக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நீல வெல்வெட் பெட்டியிலிருந்து மெஷினை எடுத்துவந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூஜ்யம் என்றது.

"கங்கிராட்ஸ் சார்" என்று இளம்பரிதி கை கொடுத்தான். "உங்க வண்டி நல்லா இருக்கு."

"ஆனா நிக்குதே சார்."

"நிக்கலாம் சார். ஆனா அது கோளாறு இல்ல."

ஆரோக்கியச் சான்றிதழ் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்த இசக்கிபாண்டியின் வண்டி, இருநூறு மீட்டர் தள்ளி இருந்த முதல் வேகத்தடையில் நின்றது. சான்றிதழைக் கையில் பிடித்தபடி நடந்தே திரும்பிப் போனான். காம்பவுண்டுக்கு வெளியே நின்றால் அது சாலையோர உதவிப் பிரிவின் பொறுப்பு என்று ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்கள். அந்த நம்பரை அழைத்தான். எடுத்தவர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன கோடு சார்?"

வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தாவீது வந்து பக்கத்தில் நின்றார். மணிமங்கலத்துக்காரர். இருபது வருஷமாக வண்டி பிரிப்பவர்.

"இன்னா பிரதர், ஜீரோவா?"

"ஆமாண்ணே. நிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"அது நிக்குற சத்தத்தக் கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிப்பூடும். ஆனா சத்தத்துக்கு நம்பர் கெடயாதே. நம்பர் இல்லாம ஜாப் கார்டு போட முடியாது. ஜாப் கார்டு இல்லாம நான் ஸ்பேனர கைல எடுத்தன்னு வை, வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க." டீயை ஊதிக் குடித்தார். "மூளைக்கே கரண்டு போயிட்றதாலதான் வண்டி நிக்குது. கரண்டே போனப்புறம் அது எங்க குந்திகினு கோடு எழுதும்? செத்தவனயே போய் டெத் சர்டிபிகேட் வாங்கினு வான்னா எப்டி?"

"அப்ப வெளிய எங்கயாவது காட்டிரட்டுமா?"

"ஐயய்ய, அந்தத் தப்ப மட்டும் பண்ணாத. பானெட்டுக்குள்ள சீல் ஒட்டிக்கீது பாரு. வெளி ஆளு கை வச்சா வாரண்டி பூட்ச்சு."

இசக்கிபாண்டி அடுத்த பத்து நாளில் நாலு தடவை பிரபஞ்சா மோட்டார்ஸுக்குப் போனான். இரண்டாம் தடவை, வேல்விழி தன் போனில் பிடித்துக் கொடுத்த வீடியோவோடு போனான். வண்டி ராட்சசன் மேல் ஏறுவதும், இறங்குவதும், நிற்பதும், இசக்கிபாண்டி பானெட்டைச் சாத்துவதும், பின்னாலிருந்து யாரோ திட்டுவதும் அதில் தெளிவாக இருந்தது. இளம்பரிதி அவனை மேலாளர் இராமச்சந்திரனிடம் அழைத்துப்போனான். ஐம்பது வயது, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, எழுதிவைத்துப் படிப்பதுபோன்ற பேச்சு. வீடியோவை மூன்று முறை பார்த்தார்.

"வண்டி நிற்பது தெரிகிறது. ஏன் நிற்கிறது என்பது இதில் தெரியவில்லையே?"

"அதைக் கேக்கத்தானே சார் ஒங்ககிட்ட வந்திருக்கேன்."

"அதற்குத்தான் கோடு வேண்டும் என்கிறோம். மேலும், இந்த வேகத்தடை எங்கள் தயாரிப்பு அல்ல."

மூன்றாம் தடவை, இராமச்சந்திரனே ஓட்டிப் பார்க்க முன்வந்தார். பிரபஞ்சா மோட்டார்ஸுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட சோதனைப் பாதை ஒன்று இருந்தது. தொழிற்பேட்டைக்குள் புதிதாகப் போட்ட ஆறுவழிச் சாலை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கல்லோ குழியோ கிடையாது. அதில் மூன்று முறை போய் வந்தார்கள். வண்டி வெண்ணெயாக ஓடியது.

"சார், அந்தா தெரியுது பாருங்க, லாரி ஸ்டாண்டு. அப்படி லெஃப்ட்ல ஒரு பத்தடி திருப்பினீங்கன்னா போதும்."

"அது நம் பாதையில் இல்லையே" என்று இராமச்சந்திரன் வருத்தத்தோடு சொன்னார்.

இதற்கிடையில் அந்த ஏழு பெண்களும் ஆறு மணிக்குப் போய்ச் சேரவேண்டுமே. இசக்கிபாண்டி ஒரு உபாயம் கண்டுபிடித்தான். பாரம் குறைந்தால் குலுக்கல் குறைகிறது. குலுக்கல் குறைந்தால் சில சமயம் நிற்பதில்லை. ஆகவே அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பி, ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்பும் ஏழு பேரையும் இறக்கிவிட்டு, நத்தைபோல் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் நிற்பான். அவர்கள் வரிசையாக நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். ஒன்பது இடத்திலும் இதே. கிருத்திகையன்று கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, வல்லக்கோட்டை முருகனுக்கு இது ஏதோ புதுவிதமான வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். பூக்காரம்மா ஒருத்தி வண்டியின் முன்னால் ஒரு முழம் கதம்பத்தைச் சாத்திவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

வேல்விழிக்கு மூன்றாவது லேட் விழவில்லை. ஆனால் தினமும் ஐந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் கார்டு தேய்த்தாள்.

நாலாம் தடவை போய்விட்டு வந்ததும் ஒரு திருப்பம். ஒரே வண்டி ஒரே குறையோடு நாலு முறை வந்தால், கணினி தானாகவே தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுமாம். அங்கிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: 'வாடிக்கையாளரின் சூழ்நிலையை வளாகத்துக்குள் உருவாக்கிப் பார்க்கவும்.'

வெளியே போய் வேகத்தடை மேல் ஓட்டிப் பார்க்கவும் என்று அதில் இல்லை. வளாகத்துக்குள் என்றுதான் இருந்தது. இராமச்சந்திரன் கூட்டம் போட்டார். பிரபஞ்சா மோட்டார்ஸின் வளாகத்துக்குள்ளேயே ஒரு வேகத்தடை கட்டுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

எந்த அளவில் கட்டுவது? அசலைப் போலவே இருக்கவேண்டும். ஒரு குழு டேப்போடும் ரசமட்டத்தோடும் போய் ராட்சசனை அளந்தது. தார் எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது என்று படம் எடுத்தார்கள். அளந்து முடிக்கிறவரை லாரிகள் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஒப்பந்தக்காரர் வந்தார், சிமென்ட் வந்தது, மேலே மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் வந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'வாடிக்கையாளர் அனுபவ மேடு'. காய்வதற்கு ஒரு வாரம் விட்டார்கள்.

"ஏற்றிச் செல்லும் எடையும் அசலாக இருக்கவேண்டும்" என்றார் இராமச்சந்திரன். மணல் மூட்டை வாங்கலாம் என்று இளம்பரிதி சொன்னான். மணல் மூட்டை, சர்வீஸ் சென்டர் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இல்லை. சிமென்ட் மட்டும் அந்தப் பட்டியலில் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், அசலாக உட்கார்ந்து போகிற அந்த ஏழு பேரையே வரவழைப்பது என்று தீர்மானித்தார்கள்.

வேல்விழியின் எண்பத்துநாலாவது நாள் அது. ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு, ஏழு பேரும் அதே வண்டியில் வந்து இறங்கினார்கள். கேட்டில் வாட்ச்மேன் ராமன் ஆளுக்கொரு பாஸைக் கழுத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர் யார் என்ற கட்டத்தில் வாடிக்கையாளர், சப்ளையர், விருந்தினர் என்று மூன்றுதான் இருந்தன. இவர்கள் மூன்றிலும் சேராததால் அடித்துவிட்டுக் கையால் எழுதியிருந்தார்கள். வேல்விழியின் பாஸில் 'எடை – 3' என்று இருந்தது.

"எடைங்களா? எடையெல்லாம் இப்டி ஓரமா நில்லுங்கம்மா, சார் வருவாரு" என்றார் ராமன்.

மேட்டுக்குக் கோலம் போட்டிருந்தது. குறுக்கே ரிப்பன். தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இராமச்சந்திரன் மைக்கைப் பிடித்தார்.

"நமது நிறுவனத்தில் வாடிக்கையாளர்தான் எஜமானர். எஜமானர் பொய் சொல்லமாட்டார். ஆனால், எஜமானருக்கு என்ன தெரியும்? அவர் 'வண்டி நிற்கிறது' என்பார். 'சத்தம் வருகிறது' என்பார். இவை வெறும் அனுபவங்கள். அனுபவத்தை நம்பி நாம் ஒரு திருகாணியைக்கூடத் திருப்புவதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். முன்பெல்லாம் ஒரு மெக்கானிக் காதை வைத்துக் கேட்டு ஐந்து நிமிடத்தில் வண்டியைச் சரிசெய்து அனுப்பிவிடுவார். அந்த இருண்ட காலம் மலையேறிவிட்டது. இன்று இந்த ஒரு வண்டிக்காக நாம் இருபத்தாறு நாள் உழைத்திருக்கிறோம். இதைவிட ஒரு வாடிக்கையாளருக்கு என்ன மரியாதை செய்யமுடியும்?"

பலத்த கைதட்டல். தாவீதும் தட்டினார்.

ஏழு எடைகளும் ஏறிக்கொண்டன. சாந்தமான முகத்தோடு இராமச்சந்திரன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார். மெஷின் வண்டியோடு சொருகியே இருந்தது. இசக்கிபாண்டி வண்டியை எடுத்தான். ரிப்பன் அறுந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. வண்டி நின்றது.

எல்லாரும் மெஷின் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மெஷின் 'பீப்' என்றது.

"பி பூஜ்யம் ஐந்து ஆறு இரண்டு!" என்று இராமச்சந்திரன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். மூளை எழுதுவதற்கு முன்னால் செத்துப்போனாலும், சாகிற நேரத்தில் மின்சாரம் குறைந்ததை இந்த முறை மெஷின் கூடவே இருந்து பார்த்துவிட்டது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. கேசரி வந்தது. தன் வண்டி நின்றதற்கு இத்தனை பேர் சந்தோஷப்படுவதைப் பார்த்து இசக்கிபாண்டியும் என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டினான்.

"அப்ப இனிமே சரி பண்ணிருவீங்கல்லா சார்?"

"நிச்சயமாக. இந்தக் கோடுக்கு முதலில் பேட்டரி மாற்றவேண்டும். வடக்கே கிடங்கிலிருந்து வர பதினோரு நாள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஆல்டர்னேட்டர். அதற்கு இன்னொரு பதினோரு நாள்."

"சரி சார். வந்ததும் போன் போடுங்க, வாரேன்" என்று இசக்கிபாண்டி சாவியை எடுக்கப் போனான். இளம்பரிதி அதற்குள் வண்டியைச் சுற்றிச் சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டி வெளியே போகமுடியாதே" என்றார் இராமச்சந்திரன். "கோடு பதிவாகிவிட்டது. ஆபத்தான வண்டியை நாங்கள் சாலையில் விட்டால் அது குற்றம்."

"ஒரு மாசமா தெனம் இதுலதானே சார் போய்க்கிட்டிருக்கோம்?"

"அப்போது கோடு இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை."

இசக்கிபாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். கோடு இல்லாதவரை கை வைக்கமாட்டேன் என்றார்கள். கோடு வந்தபிறகு கையை விட்டு விடமாட்டேன் என்கிறார்கள். விடிந்தால் ஏழு பேரை எதில் கொண்டுபோவது? அதிலும் ஒருத்திக்கு இன்னும் ஆறே நாள்தான் பாக்கி. திரும்பி அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்த்தபோது, அவள் அங்கே இல்லை.

எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, வேல்விழி நாடாவுக்கு அடியில் குனிந்து போய் பானெட்டைத் திறந்திருந்தாள். அவளுக்கு வண்டி தெரியாது. வயர் தெரியும். கண்ணில் பட்ட ஒவ்வொரு வயராகப் பிடித்து, கம்பெனியில் இழுப்பதைப்போலவே மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற தடித்த கறுப்பு வயரில் கை வைத்ததும் நின்றாள். அதைப் பிடித்திருந்த போல்ட் கிழவன் பல்லாக ஆடியது.

"அண்ணாச்சி, இங்க வாங்களேன். இது ஆடுது."

அந்த நேரத்தில் 'ணங்' என்று அவள் காலடியில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வந்து விழுந்தது.

"அட, கை வழுக்கிடுச்சே" என்று தாவீது யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கேசரித் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வேல்விழி ஸ்பேனரை எடுத்து முடுக்கினாள். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வயரை மறுபடி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இசக்கிபாண்டி சாவியைத் திருப்பினான். அனுபவ மேட்டில் ஏறினான், இறங்கினான். வண்டி நிற்கவில்லை. வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தரம். நிற்கவில்லை. நாடா சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இழுபட, ஐந்தாம் தரம், ஆறாம் தரம் என்று போய்க்கொண்டே இருந்தான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். இராமச்சந்திரன் கேசரிக் கையோடு ஓடிவந்தார்.

"நிறுத்துங்கள்! வண்டியை நிறுத்துங்கள்!"

"நிக்கவே மாட்டேங்குது சார்!" என்று இசக்கிபாண்டி ஜன்னல் வழியாகச் சந்தோஷமாகக் கத்தினான்.

ஒருவழியாக நிறுத்தியதும் மெஷினைச் சொருகி, பழையதை அழித்துவிட்டு மறுபடி படித்தார்கள். பூஜ்யம். இராமச்சந்திரனின் முகம் வெளிறிவிட்டது.

"கோடு எங்கே? யார் பழுது பார்த்தது?"

இளம்பரிதி தயங்கினான். "எடை மூணு, சார்."

"எடை எப்படிப் பழுது பார்க்கும்?"

எல்லாரும் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். சீல் உடைந்ததா என்று பார்த்தார்கள். சீல் இன்ஜின் மேல் ஒட்டியிருந்தது. போல்ட் இருந்ததோ வண்டியின் உடம்பில். சீல் அப்படியே இருந்தது. ஆனாலும் சிக்கல் பெரியது. கோடு ஒன்று பதிவாகித் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அது தீர்ந்தது என்று காட்ட, என்ன பாகம் மாற்றப்பட்டது என்று எண் போட்டாக வேண்டும். பாகம் எதுவும் மாற்றாமல் ஒரு வண்டி சரியாவதற்குக் கணினியில் இடமில்லை. சரியான வண்டியை வெளியே விடவும் இடமில்லை.

"தாவீது, அந்தப் போல்ட்டைப் பழையபடி தளர்த்திவிடுங்கள். முறைப்படி கண்டுபிடித்துக்கொள்வோம்" என்றார் இராமச்சந்திரன்.

"தளத்திடலாம் சார். எவ்ளோ தளத்தணும்? அளவு சொல்லுங்க" என்றார் தாவீது பணிவாக.

அளவு யாருக்கும் தெரியவில்லை. வேல்விழி ஸ்பேனரைக் கீழே போடாமல் பானெட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் ஒரு நாளைக்கு எண்ணூறு வயரு இழுத்துப் பாக்கேன். லூசா இருந்தா செவப்புப் பெட்டியில தூக்கிப் போடச் சொல்லித்தான் பழக்கியிருக்காங்க. டைட்டா இருக்கதை லூசாக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். இந்த வண்டி நாளைக்கு வரலைன்னா நான் லேட்டு. லேட்டுன்னா எனக்கு எண்பத்திநாலு நாளும் போச்சு. அதுக்கு ஒங்க மெஷினுல எதும் நம்பர் இருக்கா?"

இராமச்சந்திரன் அவளைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய 'எடை – 3' பாஸையும் பார்த்தார். மைக் இல்லாதபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"எனக்கு மட்டும் தெரியாதாம்மா? நானும் ஸ்பேனர் பிடிச்சு வந்தவன்தான். போல்ட் முடுக்கினதுன்னு எழுத அதுல ஒரு கட்டம் கிடையாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

 இளம்பரிதி டேப்லெட்டில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"சார், பாகம் நம்பர் கேக்காத வேலை ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"என்னது?"

"வாட்டர் வாஷ்."

அப்படியே பதிவாயிற்று. கோளாறு: பி 0562, மின்னழுத்தம் குறைவு. செய்த வேலை: வாட்டர் வாஷ். முடிவு: குணமாகிவிட்டது. கணினி அதை ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது. இராமச்சந்திரன் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். அன்று தண்ணீர் லாரி வரவில்லை என்பதால் வண்டியை யாரும் கழுவவில்லை. பாஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்ட ராமன், ஏழு எடையும் சரியாக வெளியேறியதாக நோட்டில் எழுதினார்.

அடுத்து வந்த ஆறு நாளும் சாரல் ஒன்பது வேகத்தடையையும் ஏழு பேரோடு மிதித்துக்கொண்டு போயிற்று. எப்போதும்போல் ராட்சசன் இருந்த இடத்தில் ராட்சசன் இருந்தான்; அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. பூக்காரம்மா மட்டும், வேண்டுதல் பலித்துவிட்டதா என்று விசாரித்தாள். தொண்ணூறாவது நாள் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டி வந்த வேல்விழியின் கழுத்தில், அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் பயிற்சிப் பட்டை போய், நிரந்தரத் தொழிலாளியின் பச்சைப் பட்டை இருந்தது. மற்ற ஆறு பேரும் அதை ஆளுக்கொரு முறை பிடித்துப் பார்த்தார்கள். அவள் தன் பங்குக்கு அதை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது இசக்கிபாண்டியின் போன் அடித்தது.

"வணக்கம் சார், பிரபஞ்சா மோட்டார்ஸிலிருந்து ஜாஸ்மின் பேசறேன். போன வாரம் நம்மகிட்ட வாட்டர் வாஷ் பண்ணியிருக்கீங்க. எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்?"

இசக்கிபாண்டி வண்டியைப் பார்த்தான். ஒரு மாதத்துச் செம்மண் புழுதி அப்படியே படிந்திருந்தது. "வாஷ் பண்ணவே இல்லியேம்மா" என்றான், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று.

"ஓ, சாரி சார். அப்ப கம்ப்ளெயின்டா பதிவு பண்ணிக்கறேன். நாளைக்கு வண்டியக் கொண்டாந்து விட்டீங்கன்னா, மெஷின்ல போட்டு, அழுக்குக்கு என்ன கோடு வருதுன்னு பாத்துட்டு..."

"ஐயோ, வேண்டாம் தாயி!" என்று இசக்கிபாண்டி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினான். "பத்து! பத்துக்குப் பத்து! எழுதிக்கோ. வண்டி கண்ணாடி கணக்கா மின்னுது!"

உள்ளே ஏழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜாஸ்மின் நன்றி சொல்லி வைத்ததும், அவன் வைப்பரைப் போட்டு, முன்னால் ரோடு தெரிகிற அளவுக்கு மட்டும் புழுதியை வழித்துவிட்டு வண்டியை எடுத்தான்.